நார் காயட்டும், அப்புறம் முறுக்கலாம்

நான் முதன்முதலில் திரித்த கயிறு பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சம்பங்கோரை இலைகளை அன்று காலையில்தான் வெட்டியிருந்தேன். பச்சை மாறாத இலை, சொன்னபடி வளைந்து கொடுத்தது. எங்கேயும் ஒடியவில்லை, பிரியவில்லை. ஒரு பிற்பகலில் ஏழு மீட்டர் திரித்துவிட்டேன். அதைக் கொண்டு ஒரு சின்னக் கூடையின் விளிம்பைச் சுற்றிக் கட்டி, கைப்பிடியும் போட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கூடையைத் தூக்கினேன். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது, கூடை தரையிலேயே இருந்தது. கயிறு அறுந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எங்கேயும் அறவில்லை. இலை காயக் காயச் சுருங்கி, இரண்டு புரிகளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும் அளவுக்குத் தளர்ந்து, போட்ட முடிச்சிலிருந்து தானாக நழுவி வந்திருந்தது.

கயிறு திரிப்பதைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் எல்லோரும் விரல் எப்படிப் போக வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். விரல் வேலை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அதற்கு முன்னால் இலையை வெட்டி, நாரைப் பிரித்து, காயவைத்து, சரியான ஈரத்துக்குக் கொண்டுவருகிறோமே, கயிற்றின் ஆயுள் அங்கேதான் முடிவாகிறது. இதை எனக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பச்சை இலையின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் போனதும் இலை அகலத்திலும் பருமனிலும் சுருங்குகிறது, நீளம் அவ்வளவாகக் குறைவதில்லை. அப்படியென்றால் பச்சையாகத் திரித்த கயிற்றில் ஒவ்வொரு புரியும் பின்னால் மெலியப்போகிறது. மெலிந்த புரிகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்க முடியாது. முறுக்கு இருக்கும், பிடிப்பு இருக்காது. எனவே முதல் முறை முழுக்கக் காயவிட வேண்டும். சுருங்க வேண்டியதெல்லாம் அப்போதே சுருங்கிவிடட்டும். திரிக்கும் நாளில் மறுபடி ஈரப்படுத்தினால் இலை வளையும் அளவுக்கு மட்டும் தண்ணீரை எடுத்துக்கொள்ளும், பழைய பருமனுக்குத் திரும்பாது.

காயவைப்பது நிழலில், காற்றோட்டமாக. வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்பது உண்மைதான், ஆனால் நொறுங்கும் தன்மை வந்துவிடுகிறது, நிறமும் வெளுக்கிறது. இலைகளைப் பத்துப் பத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன். கட்டை இறுக்கிக் கட்டக் கூடாது. நடுவில் காற்றுப் போகாமல் பூஞ்சணம் பிடித்து ஒரு கட்டு முழுவதையும் இழந்திருக்கிறேன். கோரை வகைகளுக்கு எனக்குப் பத்து நாளிலிருந்து மூன்று வாரம் வரை ஆகிறது. மடித்தால் நொறுங்கும் சத்தம் கேட்க வேண்டும், அதுவே அடையாளம்.

மறுபடி ஈரப்படுத்துவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வாளித் தண்ணீரில் இலையை முக்கி எடுத்து உடனே திரிக்க உட்கார்ந்தால் அதுவும் பச்சை இலைக்குப் பக்கத்தில் போய்விடும். நான் இலைகள் மேல் தண்ணீர் தெளித்து, பிழிந்த ஈரத் துணியில் சுருட்டி, மூன்று நான்கு மணி நேரம் வைக்கிறேன். கெட்டியான இலையென்றால் ஓர் இரவு. எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தால் ஒடியாமல் சுற்ற வேண்டும். ஆனால் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது.

எந்த இலை கயிறாகும் என்பதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. இலையை நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். கோடு பிடித்தாற்போல் அடியிலிருந்து நுனிவரை நேராகக் கிழிந்தால் நல்லது. அப்புறம் குறுக்கே ஒடித்து மெதுவாக இழுங்கள். ஒடிந்த இடத்தில் இரண்டு துண்டுகளையும் பிடித்துக்கொண்டு மெல்லிய இழைகள் நீண்டால் உள்ளே நார் இருக்கிறது. மரங்களின் அகன்ற இலைகளில் நரம்புகள் வலையாகப் பின்னியிருப்பதால் நீள நார் கிடைப்பதில்லை. புல், கோரை, கற்றாழை, தாழை, அன்னாசி, வாழை போன்றவற்றில் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. அந்த நரம்புகளோடு ஒட்டி ஓடுபவைதான் நமக்கு வேண்டிய நார்.

வாழையைப் பற்றி ஒரு வார்த்தை. வாழை நாரைத் தண்டு நார் என்று நினைக்கிறோம். நாம் மரம் என்று பார்ப்பது ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்ட இலைகளின் அடிமட்டைகள்தான், உண்மையான தண்டு அதற்கு நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதி. ஆக வாழை நாரும் இலை நார்தான். வாழையின் நெருங்கிய உறவான அபாகா என்ற செடியின் மட்டை நார் பிலிப்பைன்ஸிலிருந்து மணிலாக் கயிறு என்ற பெயரில் கப்பல்களுக்குப் போனது. உப்புத் தண்ணீரைத் தாங்கும் என்பதால்தான் அதற்கு அந்த மதிப்பு.

இலைகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்கிறேன். கோரை, சம்பங்கோரை, மக்காச்சோளக் கதிரின் மேல்தோகை, தாழை, பனையோலை இவற்றை அப்படியே கிழித்துத் திரிக்கலாம். கற்றாழை, மருள், அன்னாசி, வாழை இவற்றில் சதையையும் தோலையும் நீக்கி நாரை மட்டும் எடுக்க வேண்டும். முதல் வகையில் வேலை குறைவு, கயிறும் கொஞ்சம் முரடாக, மேலே ஒரு மினுமினுப்போடு இருக்கும். இரண்டாவது வகையில் கை வலிக்கும். ஆனால் அந்த நார் வேறு தரம்.

கற்றாழை என்று நான் சொல்வது சோற்றுக் கற்றாழையை இல்லை. ஆனைக்கற்றாழை, சீமைக்கற்றாழை என்றெல்லாம் சொல்லப்படும் அகேவ் வகைகள். சிசல் நார் எடுக்கும் செடியும் இந்தக் குடும்பம்தான். அதன் ஒரு மடலில் ஏறக்குறைய ஆயிரம் நார்கள் இருக்கும், ஆனாலும் மடலின் எடையில் நார் சுமார் 4 சதவீதம்தான். நான் ஒரு முறை நிறுத்துப் பார்த்தேன். இரண்டு கிலோ மடலிலிருந்து 70 கிராம் உலர்ந்த நார் கிடைத்தது. மற்றதெல்லாம் சாறும் சக்கையும்.

அந்தச் சாறு விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். முதல் தடவை அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து, மடலை மரச் சுத்தியலால் தட்டி நசுக்கினேன். சாறு முழங்கை வரை தெறித்தது. அரைமணியில் கையெல்லாம் தடித்துச் சிவந்து, ஐந்து நாள் அரிப்பு நிற்கவில்லை. கால்சியம் ஆக்சலேட் என்ற பொருள் அந்தச் சதைக்குள் ஊசி வடிவப் படிகங்களாக இருக்கிறது. அந்த ஊசிகள் தோலில் குத்தி, சாற்றில் உள்ள மற்ற பொருட்களும் சேர்ந்து எரிச்சலைக் கிளப்புகின்றன. கண்ணில் தெறித்திருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது. அதிலிருந்து ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி மூன்றும் இல்லாமல் கற்றாழையைத் தொடுவதில்லை. தட்டி நசுக்குவதையும் விட்டுவிட்டேன். உருட்டுக்கட்டையால் அழுத்தி நசுக்கினால் தெறிக்காது. நுனி முள்ளையும் ஓரத்து முட்களையும் வெட்டி எடுத்த பிறகே மடலைக் கைக்கு எடுக்க வேண்டும். நார் அலசிய தண்ணீரைக் குளத்திலோ மீன் தொட்டிக்கு அருகிலோ ஊற்றாதீர்கள். அதில் உள்ள சப்போனின் மீன்களுக்கு நஞ்சு.

நார் எடுக்கும் முறை இதுதான். நசுக்கிய மடலை விரல் அகலக் கீற்றுகளாக நீளவாக்கில் கிழித்துக்கொள்கிறேன். ஒரு வழவழப்பான பலகையைச் சாய்த்து வைத்து, கீற்றை அதன் மேல் போட்டு, மழுங்கிய தகட்டால் நடுவிலிருந்து நுனி நோக்கிச் சுரண்டுகிறேன். ஒரு பாதி முடிந்ததும் கீற்றைத் திருப்பி, சுத்தமான நாரைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மறு பாதி. நடுவில் ஆரம்பிப்பதற்குக் காரணம் பிடிமானம். சதை இருக்கும் முனையைப் பிடித்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

கூர்மையான கத்தி இதற்கு ஆகாது. நான் முதலில் சமையலறைக் கத்தியைத்தான் எடுத்தேன், பாதி நார் துண்டாகிச் சக்கையோடு போய்விட்டது. சுரண்டும் விளிம்பு கடினமாக இருக்க வேண்டும், ஆனால் வெட்டக் கூடாது. பிலிப்பைன்ஸில் அன்னாசி இலை நாரை உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டி எடுக்கிறார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் ஹரகெகெ என்ற செடியின் இலையைச் சிப்பி ஓட்டால் சுரண்டுகிறார்கள். எனக்கு ஒரு பழைய இரும்பு அளவுகோலின் விளிம்பு அமைந்துவிட்டது.

சுரண்டியதும் உடனே அலசுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் ஒட்டியிருக்கும் பசை காய்ந்து நார்கள் எல்லாம் ஒரே குச்சியாக ஒட்டிக்கொள்ளும். மறுபடி ஊறவைத்தாலும் அந்த மென்மை முழுதாகத் திரும்புவதில்லை.

சுரண்டாமல் தண்ணீரில் ஊறப்போட்டு அழுகவிடும் வழியும் உண்டு. தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள் நாரை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் பசையைத் தின்றுவிடும், நார் தானாகப் பிரியும். கைக்குச் சுகம், மூக்குக்குக் கஷ்டம். நாற்றம் உண்மையிலேயே கடுமையாக இருக்கும், வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். இங்கே நான் செய்த பிழை, தொட்டியை மூடிவைத்துவிட்டு மூன்று வாரம் மறந்துபோனது. பசை தீர்ந்த பிறகு நுண்ணுயிர்கள் நாரையே அரிக்க ஆரம்பித்துவிடுகின்றன. எடுத்து அலசியபோது வெள்ளை வெளேரென்று, பட்டு மாதிரி இருந்தது. சந்தோஷமாகக் காயவைத்து ஒரு புரி முறுக்கினேன். விரலிலேயே பொடிப்பொடியாக அறுந்தது. இப்போது ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஒரு கீற்றை எடுத்து உருவிப் பார்க்கிறேன். சதை வழுக்கிக்கொண்டு கழன்றால் அன்றைக்கே வெளியே எடுத்துவிட வேண்டும். வெப்பம் அதிகமான நாட்களில் சீக்கிரம் நடக்கும், குளிர் நாட்களில் இழுக்கும். ஆகவே நாள் கணக்கை நம்ப வேண்டாம், கையை நம்புங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் கொடுப்பது மருள் இலையைத்தான். தொட்டியில் அழகுக்கு வளர்க்கிறார்களே, பாம்புச் செடி என்று, அந்த இனம். மரல் என்பது இதன் பழைய பெயர். வில்லுக்கு நாண் திரித்த செடி இது, அதுவே இதன் வலுவுக்குச் சாட்சி. ஓரத்தில் முள் இல்லை. இலை மெல்லியதாக இருப்பதால் ஒரு கீற்றைச் சுரண்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. நார் வெண்மையாக, மெல்லியதாக, பளபளப்பாக வரும். ஒரு இலையிலிருந்தே ஒரு கைவளைக்குத் தேவையான நார் கிடைத்துவிடும். செய்து பார்த்தவருக்கு அந்த முதல் வளை கொடுக்கும் ஆசையை வேறு எதுவும் கொடுப்பதில்லை.

செடியிலிருந்து எதை எடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாவோரிகள் ஹரகெகெயின் நடுக்குருத்தைக் குழந்தை என்றும், அதற்கு இரண்டு பக்கமும் அணைத்து நிற்கும் இலைகளைப் பெற்றோர் என்றும் பார்க்கிறார்கள். அந்த மூன்றையும் தொடுவதில்லை. வெளிச்சுற்றில் இருக்கும் முதிர்ந்த இலைகளை மட்டுமே வெட்டுகிறார்கள். கற்றாழைக்கும் மருளுக்கும் தாழைக்கும்கூட இந்த வழக்கம் அப்படியே பொருந்தும். நாருக்கும் இதுதான் நல்லது. குருத்திலை நார் மென்மையாக இருக்கும், ஆனால் வலு இருக்காது.

காய்ந்த நாரைச் சீப்பால் ஒரு முறை வாரிக்கொண்டால் குட்டைச் சிம்புகள் கழன்றுவிடும். வாரும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு நாருக்கும் அடி தடித்தும் நுனி மெலிந்தும் இருக்கும். எல்லா அடிகளையும் ஒரே பக்கம் வைத்துத் திரித்தால் கயிறு ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் இளைத்தும் வரும். கற்றையைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்பி மற்றதோடு சேர்த்துவிடுங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் என் கயிறு ஒரே சீராக வர ஆரம்பித்தது.

சரி, இப்போது விரலுக்கு வரலாம். ஈரப்படுத்திய நாரில் தீக்குச்சிப் பருமனுக்கு ஒரு கற்றையை எடுங்கள். சரிபாதியில் மடிக்காமல், மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் மடியுங்கள். காரணம் பின்னால் வருகிறது. மடிப்பை இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டால் இரண்டு புரிகள் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் புரியை வலது கையால் உங்களை விட்டு வெளிப்பக்கமாக முறுக்குங்கள். முறுக்கியதை அப்படியே உங்கள் பக்கமாக, மற்றப் புரியின் மேலாகக் கீழே கொண்டுவாருங்கள். இப்போது கீழே இருந்த புரி மேலே வந்திருக்கும். அதையும் வெளியே முறுக்கி, உள்ளே கொண்டுவாருங்கள். இடது கை ஒவ்வொரு தடவையும் அந்தக் குறுக்கை நோக்கி முன்னேறிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே முறுக்கு, உள்ளே கடத்து. இவ்வளவுதான்.

ஒவ்வொரு புரியும் தான் வாங்கிய முறுக்கை அவிழ்த்துக்கொள்ளத்தான் பார்க்கும். ஆனால் அது அவிழும் திசையும் இரண்டு புரிகளும் ஒன்றையொன்று சுற்றியிருக்கும் திசையும் ஒன்று. ஆக, ஒன்று அவிழ முயன்றால் மற்றது இறுகுகிறது. முடிச்சோ பசையோ இல்லாமல் கயிறு தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது. கையை விட்டுவிட்டுப் பாருங்கள், பிரியாமல் நிற்கும். இந்த அறிவு எவ்வளவு பழையது என்று தெரிந்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பிரான்ஸில் ஆப்ரி டு மரா என்ற பாறை ஒதுக்கில் நியாண்டர்தால் மனிதர்கள் விட்டுச்சென்ற ஒரு கயிற்றுத் துணுக்கு கிடைத்திருப்பதாக 2020இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நீளம் 6 மில்லிமீட்டர், வயது 41,000க்கும் 52,000க்கும் இடையிலான ஆண்டுகள். அது மரத்தின் உள்பட்டை நார். மூன்று புரிகளும் ஒரு திசையில் முறுக்கியிருக்க, கயிறு எதிர்த்திசையில் முறுக்கியிருக்கிறது. இன்றைக்கு என் விரல் செய்யும் அதே வேலை.

எல்லோரும் செய்யும் ஒரு பிழை உண்டு. ஒரு புரி கம்பி மாதிரி நேராக நிற்க, மற்றது அதைக் கொடி போலச் சுற்றிக்கொண்டிருக்கும். தூரத்தில் பார்த்தால் கயிறு மாதிரித்தான் தெரியும். ஆனால் இழுத்தால் பாரம் முழுவதும் நேராக நிற்கும் புரியின் மேல்தான் விழும். அது போனால் எல்லாம் போச்சு. ஒரு புரி பருத்தும் ஒன்று மெலிந்தும் இருந்தாலோ, ஒன்றை இறுக்கி ஒன்றைத் தளர விட்டாலோ இப்படி ஆகும். மெலிந்த பக்கத்தில் இரண்டு மூன்று நார் சேருங்கள், இரண்டையும் ஒரே இறுக்கத்தில் பிடியுங்கள். குறுக்கில் இரண்டு புரிகளும் சமமாக, இரண்டு கால்கள் போல விரிந்து நின்றால் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஒட்டு. ஒரு கற்றை நார் எங்கேயாவது தீரத்தானே செய்யும். முன்பு ஒரு பூந்தொட்டியைத் தொங்கவிட நாலு இழை உறி ஒன்று பின்னினேன். நன்றாகக் காயவைத்த நார், முறுக்கும் குறையில்லை. ஒன்பதாவது வாரம் நடு இரவில் தொட்டி விழுந்து உடைந்தது. அறுந்த இடத்தைப் பார்த்தால் இரண்டு புரிகளின் ஒட்டும் ஒரே இடத்தில். சரிபாதியில் மடித்து ஆரம்பித்ததால் இரண்டும் ஒரே நேரத்தில் தீர்ந்திருக்கின்றன, நானும் இரண்டுக்கும் அங்கேயே புது நார் வைத்திருக்கிறேன். மூன்றில் ஒரு பங்கில் மடிக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒன்று தீரும்போது மற்றது நீளமாக இருக்கும். ஒட்டுகள் ஒன்றுக்கொன்று குறைந்தது ஒரு சாண் தள்ளி விழும்.

ஒட்டுப் போடும்போது நார் முழுதாகத் தீரும்வரை காத்திருக்காதீர்கள். புரி மெலிய ஆரம்பித்ததுமே, இன்னும் நாலு விரல் நீளம் மிச்சம் இருக்கையில், புது நாரின் மெலிந்த முனையைப் பழைய நாரோடு பக்கவாட்டில் சேர்த்து இரண்டையும் ஒன்றாக முறுக்குங்கள். மொத்தமாகப் பத்து நார் ஒரே இடத்தில் சேர்ப்பதைவிட, இரண்டு நார் இங்கே, மூன்று நார் கொஞ்சம் தள்ளி என்று அடிக்கடி சேர்ப்பது நல்லது. கயிற்றில் ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியாமல் இருந்தால் அதைத்தான் நல்ல ஒட்டு என்பேன். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை உடனே வெட்டாமல், கயிறு காய்ந்த பிறகு நறுக்குங்கள்.

நீளக் கணக்கு கேட்டால், ஒரு மீட்டர் கயிறுக்கு ஒவ்வொரு புரியிலும் 1.25 முதல் 1.5 மீட்டர் நார் வேண்டும். முறுக்கு எவ்வளவு என்பது உபயோகத்தைப் பொறுத்தது. தளர்வாக முறுக்கினால் மென்மையாக இருக்கும், ஆனால் சீக்கிரம் பிசிறு தட்டும். அளவுக்கு மேல் முறுக்கினால் கயிறு தன் மேலேயே சுருண்டு மொட்டு மொட்டாக நிற்கும். தீக்குச்சிப் பருமனில் நான் ஒரு மணி நேரத்துக்கு மூன்று, நான்கு மீட்டர் திரிக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு மீட்டர்தான் வந்தது. கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்க ஆரம்பித்தால் எழுந்துவிடுங்கள். ஒரு முறை வலியோடு தொடர்ந்து செய்து, ஒரு மாதம் கயிற்றையே தொட முடியாமல் இருந்தேன். கைக்கு ஓய்வு வேண்டுமென்றால் தொடையில் உருட்டித் திரிக்கலாம். இரண்டு புரிகளையும் சற்று இடைவெளி விட்டுத் தொடை மேல் வைத்து, உள்ளங்கையால் முன்னே உருட்டி, இரண்டையும் சேர்த்துப் பின்னே இழுத்தால் ஒரே வீச்சில் ஒரு சாண் வந்துவிடும். பழகினால் விரலைவிட மிக வேகம். ஆனால் ஒட்டுப் போடும் நுணுக்கம் கைவந்த பிறகே இதற்குப் போங்கள்.

திரித்து முடித்த கயிற்றை அப்படியே உபயோகிப்பதில்லை. தண்ணீரில் நனைத்து, இரண்டு முனையையும் இழுத்துக் கட்டி, நடுவில் சின்ன எடையைத் தொங்கவிட்டுக் காயவிடுகிறேன். முறுக்கு கயிறு முழுவதும் சமமாகப் பரவி அமர்ந்துவிடுகிறது. நனைந்த நார் நீளத்தில் அதிகம் நீளாமல் பருமனில் உப்புகிறது. உப்பிய புரிகளைச் சுற்றிவர அதிக நீளம் தேவைப்படுவதால் கயிறு மொத்தத்தில் குட்டையாகி விறைக்கிறது, காய்ந்ததும் மறுபடி இளகுகிறது. இழுத்துக் காயவைத்த கயிற்றில் இந்த ஆட்டம் குறைவாக இருக்கிறது. பிசிறுகளைப் போக்க, நன்றாகக் காய்ந்த கயிற்றை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேல் நிற்காமல் வேகமாக ஓட்டி எடுக்கலாம். பக்கத்தில் ஒரு ஈரத் துணி இருக்கட்டும். கடைசியில் தேன்மெழுகைத் தேய்த்தால் கையில் குத்தாது, கொஞ்சம் ஈரமும் தாங்கும்.

இப்படித் திரித்த கயிற்றில் கூடை பின்னலாம், கண்ணிப் பை போடலாம், மணி கோக்கலாம், நோட்டுப் புத்தகம் தைக்கலாம். ஆள் பாரம் தாங்க வேண்டிய இடத்தில், ஊஞ்சலுக்கோ ஏறுவதற்கோ மட்டும் கைக்கயிற்றை நம்பாதீர்கள். பெருவில் கெஸ்வாசாக்கா என்ற இடத்தில் ஏறக்குறைய 28 மீட்டர் நீளத்தில் புல்லால் திரித்த கயிற்றுப் பாலம் ஒன்று இருக்கிறது. மக்கள் அதில் நடந்து போகிறார்கள். ஆனால் மெல்லிய புல் கயிறுகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து முறுக்கித் தொடை மொத்தத்துக்கு வடமாக்குகிறார்கள், அதையும் ஆண்டுதோறும் கழற்றிப் புதிதாகக் கட்டுகிறார்கள். நாருக்கு வயது உண்டு என்பதை அறிந்து செய்யும் வேலை அது.

அந்த முதல் கூடைக்கு வேறு கைப்பிடி போட்டேன். மருள் நார், இரண்டு புரி, ஒட்டுகள் ஒரு சாண் இடைவெளியில். மூன்று வருடமாகத் தினமும் தூக்குகிறேன். கை படும் இடம் கொஞ்சம் பழுப்பேறி வழவழப்பாகிவிட்டது, முடிச்சு போட்ட இடத்தில் மட்டும் நான்கைந்து இழைகள் மேலெழும்பத் தொடங்கியிருக்கின்றன. கயிறு முதலில் அறுவது பெரும்பாலும் முடிச்சருகில்தான், அதனால் வாரம் ஒரு முறை அங்கே விரலை ஓட்டிப் பார்க்கிறேன். மாற்றுக் கைப்பிடிக்கான நார் இப்போதே நிழலில் தொங்குகிறது. வெட்டிய தேதியை ஒரு காகிதத்தில் எழுதிக் கட்டில் செருகியிருக்கிறேன்.